ஈரம் இருந்தும் பயிர் வாடுவது ஏன்?

கரிசல் காட்டு உழவர்கள் பலரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் ஈரம் இருக்கிறது. போர்த் தண்ணீரும் பாய்ச்சி மூன்று நாள்தான் ஆகிறது. ஆனாலும் உச்சி வேளையில் மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப் போட்டு விடுகிறதே, இது என்ன நோய்?" என்பதே அது. நோய் என்று எண்ணி மருந்துக் கடைக்குப் போனால், கடைக்காரரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். இரண்டு மருந்தைக் கலந்து தெளிக்கச் சொல்வார். அடுத்த வாரம் செடி முன்னிலும் மோசமாக நிற்கும்.

இது பெரும்பாலும் நோயே அல்ல. செடிக்குத் தாகம். தண்ணீர் நடுவே நின்று கொண்டு தாகத்தால் வாடுகிறது. கடல் நடுவே படகில் சிக்கியவன் நிலைதான் அதற்கும். இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று எண்ணுகிறேன். ஏனெனில் விருதுநகர் மாவட்டத்தில் போர் போட்டுக் கடன்பட்ட பல குடும்பங்களின் கதை இந்தத் தாகத்தில்தான் தொடங்குகிறது.

செடியானாலும், மாடானாலும், மனிதனானாலும் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளால் ஆனது. அவற்றைச் செல் என்கிறோம். ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. அந்தச் சவ்வு தண்ணீரை எளிதில் விடும். உப்பையும் சர்க்கரையையும் அவ்வளவு எளிதில் விடாது. சவ்வின் ஒரு பக்கம் உப்போ சர்க்கரையோ அதிகமாகவும், மறு பக்கம் குறைவாகவும் இருந்தால், தண்ணீர் குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குத் தானாகவே நகரும். இதைத்தான் சவ்வூடு பரவல் என்று பாட நூல்கள் கூறுகின்றன. 1748-ஆம் ஆண்டு நொல்லே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாராயம் நிரப்பிய ஒரு குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தார். தண்ணீர் உள்ளே புகுந்து பை உப்பிக் கொண்டு நின்றது. இதைப் பற்றிய முதல் பதிவு அதுவே.

ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு இது நொல்லேக்கு முன்பே தெரியும். மாங்காயை நறுக்கி உப்பைத் தூவி வைத்தால் மறு நாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை. மாங்காய்க்குள் இருந்த தண்ணீரை வெளியே இருந்த உப்பு இழுத்து விட்டது. துண்டுகள் சுருங்கி விட்டன. அந்த ஜாடியில் மாங்காய்க்கு நேர்ந்ததுதான் உப்புத் தண்ணீர் பாயும் வயலில் மிளகாயின் வேருக்கும் நேர்கிறது. வெள்ளரிக்காய் கிடைக்கும் காலத்தில் ஒரு காயை வில்லையாக நறுக்கி, பாதியை நல்ல தண்ணீரிலும் பாதியை உப்புத் தண்ணீரிலும் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். ஒன்று விறைப்பாக ஒடியும். மற்றது துணி போல வளையும்.

மண்ணில் உள்ள தண்ணீரைச் செடி சும்மா உறிஞ்சிக் கொள்வதில்லை. கிணற்றில் இறைப்பது போல இழுத்தாக வேண்டும். மண் ஒரு பக்கம் பிடித்து வைத்துக் கொள்ளும்; உப்பு இன்னொரு பக்கம் பிடித்து வைத்துக் கொள்ளும். இந்த இரண்டு பிடியையும் மீறி இழுக்க வேர்ச் செல்லில் அதைவிட அதிக இழுப்பு இருக்க வேண்டும். இந்த இழுபறிக் கணக்கைத்தான் விஞ்ஞானிகள் நீர் உள்ளார்ந்த திறன் என்கிறார்கள். அதைப் பார் என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு பார் என்பது ஏறக்குறைய 10 மீட்டர், அதாவது 33 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் வலு என்று வைத்துக் கொண்டால் நமக்குப் போதும்.

பெரும்பாலான பயிர்கள் 15 பார் வரை இழுக்கும். 500 அடி ஆழத்திலிருந்து இறைப்பதற்கு அது சமம். மண்ணின் பிடி அதற்கு மேல் போனால் செடி கைவிட்டு விடும். மாலையில்கூட நிமிராத நிரந்தர வாட்டம் அதுதான். இங்கே கரிசலுக்கும் செவலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கரிசலில் களிமண் அதிகம். களியின் நுண்துகள்கள் தண்ணீரை இறுகப் பற்றிக் கொள்ளும். செவலில் ஈரம் 5, 6 சதம் இருக்கும்போதுகூடச் செடி தாக்குப் பிடிக்கலாம். கரிசலிலோ 15 சதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போதே வாடத் தொடங்கி விடும். "ஈரம் இருக்கிறதே" என்று கரிசல்காரர் ஏமாறுவது இதனால்தான். கையில் ஒட்டுகிற ஈரம் எல்லாம் செடியின் வாய்க்கு எட்டுகிற ஈரம் அல்ல. அரை அங்குல மழை பெய்தால் செவல்காரர் விதைப்பார்; கரிசல்காரர் வானத்தைப் பார்த்துக் கொண்டு நிற்பார். நம் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு எந்தப் பாடமும் இல்லாமலே தெரிந்திருந்தது.

இழுபறியின் மறு முனையில் இருப்பது காற்று. காற்றில் ஈரப்பதம் பாதியாகக் குறைந்தால் அதன் இழுப்பு 900 பாருக்கும் மேல் போய் விடும். இலை வழியே தண்ணீரை உறிஞ்சுவது இந்தக் காற்றுதான். சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வந்த கதையை எல்லாரும் அறிவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அந்தத் தொழிலும் பின்னர் வந்த பட்டாசும் இங்கே வேரூன்ற இந்த வறண்ட காற்று பெரிய துணை. வெடிமருந்து உப்புகள் ஈரம் கண்டால் கெட்டு விடும். சோடியம் நைட்ரேட் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியும் என்பதால்தான், விலை கூடினாலும் பொட்டாசியம் நைட்ரேட்டை வெடியுப்பாகப் பயன்படுத்துகிறார்கள். திறந்து போட்ட யூரியா மூட்டை மழைக் காலத்தில் நசநசத்துப் போவதும் இதே இழுப்பால்தான். ஆக, பட்டாசுக்கு வரமாக அமைந்த அதே காற்று பயிருக்குச் சாபம். மேலே காற்று 900 பாரில் உறிஞ்சுகிறது, கீழே மண் விட மறுக்கிறது. நடுவில் மாட்டிக் கொண்ட செடி, இலையில் உள்ள நுண் துளைகளை மூடிக் கொண்டுதான் பிழைக்கிறது. அந்தத் துளைகளை மூடித் திறக்கும் காப்புச் செல்களும் இதே சவ்வூடு பரவலால்தான் இயங்குகின்றன. சாம்பல் சத்து உள்ளே போனால் நீர் புகுந்து உப்பித் துளை திறக்கும். வெளியேறினால் தளர்ந்து மூடும். துளை மூடினால் தண்ணீர் மிச்சம். ஆனால் இலை உணவு தயாரிப்பதும் நின்று விடும். மகசூல் குறைவது அங்கேதான்.

போர்த் தண்ணீர் கொண்டு வரும் மூட்டைகள்

இனி உப்புக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, சாத்தூர் வட்டாரங்களில் பல போர்களில் தண்ணீர் கரிக்கும் என்பது ஊரறிந்த செய்தி. கிராமத்துக்குக் கிராமம் ஆர்.ஓ. இயந்திரம் வைத்துக் குடம் கணக்கில் தண்ணீர் பிடிக்கிறோம். அந்த இயந்திரம் செய்வது என்ன? தண்ணீர் உப்புள்ள பக்கத்துக்குப் போவதுதான் இயற்கை. மோட்டாரால் அழுத்தம் கொடுத்து அதை எதிர்த் திசையில் தள்ளுகிறது. அதற்கு மின்சாரம் செலவாகிறது. மிளகாய்ச் செடியும் அதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு மின் இணைப்பு இல்லை. நாம் வாயில் வைக்க மறுத்துக் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். ஆனால் அதே போர்த் தண்ணீரைச் செடி குடித்துக் கொள்ளும் என்று நம்புகிறோம். இது நியாயமா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். (இடையில் ஒரு வார்த்தை: ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீர் மூல நீரைவிட உப்பு மிகுந்தது. அதை ஊருணிக்கும் கண்மாய் வாய்க்காலுக்கும் திருப்பி விடுவது எந்த ஊருக்கும் நல்லதல்ல.)

நீரில் உப்பு எவ்வளவு என்பதை மின் கடத்து திறன் என்ற அளவால் சொல்வார்கள். பரிசோதனை முடிவில் டெசிசைமன் என்றோ, பழைய தாளானால் மில்லிமோ என்றோ இருக்கும். இரண்டும் ஒரே எண்தான். கடத்து திறன் 1 என்றால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 640 மில்லி கிராம் உப்பு. 3 என்றால் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. "இரண்டு கிராம்தானே" என்று தோன்றும். ஒரு ஏக்கருக்கு 2 அங்குல உயரம் தண்ணீர் கட்டினால் அது 2 லட்சம் லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே பாய்ச்சலில் 380 கிலோ உப்பு வயலுக்குள் வந்து சேருகிறது. 50 கிலோ மூட்டையில் ஏழரை மூட்டை. எட்டுத் தண்ணீர் விட்டால் 3 டன். தண்ணீரைச் செடியும் வெயிலும் எடுத்துக் கொள்ளும். உப்பை யாரும் எடுத்துச் செல்வதில்லை. அது வேரைச் சுற்றியே தங்கும். யாராவது நம் வயலில் இரவோடு இரவாக ஏழரை மூட்டை உப்பைக் கொட்டி விட்டுப் போனால் போலீசுக்குப் போக மாட்டோமா?

மண்ணின் நீரில் கடத்து திறன் 4 இருந்தால், செடி சாதாரணமாக இழுப்பதற்கு மேல் சுமார் 1.4 பார் கூடுதலாக இழுக்க வேண்டும். 47 அடி கூடுதல் இறைப்பு. மண் காயக் காய, ஈரம் பாதியாகும் போது உப்பின் செறிவு இரட்டிப்பாகும். இறைப்பும் 94 அடியாகும். எனவே பாசனத்துக்கு மறு நாள் நன்றாக இருக்கும் செடி நாலாம் நாள் வாடுகிறது. "தண்ணீர் காட்டினால் தெளிகிறது" என்று மீண்டும் பாய்ச்சுகிறோம். மீண்டும் ஏழரை மூட்டை.

எல்லாப் பயிரும் ஒரே மாதிரி தாங்காது. உலக உணவு வேளாண் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட திருத்திய அட்டவணை இன்றும் வழிகாட்டியாக இருக்கிறது. மகசூல் குறையாமல் பருத்தி தாங்கும் பாசன நீரின் கடத்து திறன் ஏறத்தாழ 5. சோளத்துக்கு 4.5. நிலக்கடலைக்கு 2. மக்காச்சோளத்துக்கு 1.1 மட்டுமே. மிளகாய்க்கு 1. வெங்காயத்துக்கு 0.8. வெங்காயம் 2.9-இல் பாதி மகசூலுக்கு வந்து விடும், மிளகாய் 3.4-இல், மக்காச்சோளம் 3.9-இல். இவையெல்லாம் நல்ல வடிகால் உள்ள நிலத்துக்குச் சொன்ன எண்கள். தண்ணீர் கீழே இறங்காத நம் கரிசலில் நிலைமை இன்னும் இறுக்கமாகவே இருக்கும். பருத்தியே ஆனாலும் முளைக்கும் பருவத்தில் உப்பைத் தாங்காது என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இந்த அட்டவணையை வைத்துக் கொண்டு நம் மாவட்டத்தில் நடந்திருக்கும் மாற்றத்தைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பருத்தியும் சோளமும் கம்பும் நின்ற காடுகளில் மக்காச்சோளம் பரவி நிற்கிறது. காரணம் புரியாமல் இல்லை. பருத்தி எடுக்க ஆள் இல்லை. எடுக்கும் கூலியைக் கொடுத்தால் கையில் நிற்பது குறைவு. மக்காச்சோளத்துக்குக் கோழித் தீவன ஆலைகளின் கிராக்கி உண்டு. இயந்திரத்தால் அறுத்து உடனே விற்கலாம். மழையை நம்பி மானாவாரியாக விதைப்பவரைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் கரிக்கும் போர்த் தண்ணீரை நம்பி மக்காச்சோளமும் வெங்காயமும் வைப்பது, காலில் கல்லைக் கட்டிக் கொண்டு கிணற்றில் நீந்துவது போன்றது. ஒரு போரில் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஆழமாக இரண்டாவது போர் போடுகிறார்கள். ஆழத்தில் கிடைக்கும் நீர் பல இடங்களில் மேல் நீரைவிடக் கரிக்கிறது. கடன் கூடுகிறது, உப்பும் கூடுகிறது. மூன்றாம் ஆண்டு வீட்டில் ஒருவர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ வேலைக்குப் போய் அந்த வட்டியைக் கட்டுகிறார்.

இதில் அரசின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டம் நல்ல திட்டம். அதில் 12 விவரங்கள் தருகிறார்கள். மண்ணின் கடத்து திறனும் அவற்றில் ஒன்று. ஆனால் அந்த மண்ணுக்கு உப்பைக் கொண்டு வரும் தண்ணீரைப் பற்றி அட்டையில் ஒரு வரி கிடையாது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் ஓடுவதற்கும் கணக்கு இல்லை. அது சிறு விவசாயிக்குத் தேவையான உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை எடுக்கச் சொல்லவில்லை. புதிய போருக்கு மானியமோ வங்கிக் கடனோ கொடுக்கும் முன், பக்கத்துக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. போர் போட்ட பின் அந்த நீருக்கும் ஓர் அட்டை தர வேண்டும். 'இந்த நீருக்கு இந்தப் பயிர் ஆகும், இந்தப் பயிர் ஆகாது' என்று அதில் எழுதியிருந்தால், ஒரு குடும்பம் தப்பிக்கும். வட்டி தள்ளுபடியைவிட அது மலிவான உதவி.

ஜிப்சம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

உப்பு என்றதும் "ஜிப்சம் போடலாமா?" என்று கேட்கிறார்கள். உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல. மண்ணில் கரையும் உப்பு அதிகமாக இருப்பது உவர். மேலே வெள்ளையாகப் பூக்கும். சோடியம் களியோடு ஒட்டிக் கொண்டு மண்ணை இறுக்கி, தண்ணீரை இறங்க விடாமல் செய்வது களர். ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. அதுவும் நல்ல தண்ணீரோ மழையோ வந்து வெளியேறிய சோடியத்தைக் கழுவிச் சென்றால்தான் பலன். ஜிப்சமும் ஓர் உப்பே என்பதை மறந்து, வெறும் உவர் நிலத்தில் அதை இடுவது செலவுக்கு மேல் செலவு. உவருக்கு ஒரே மருந்து நல்ல தண்ணீரால் கழுவி வடிப்பதுதான். எது உவர், எது களர் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடத்து திறனும் கார அமில நிலையும் இரண்டும் பார்க்க வேண்டும்.

உரமும் உப்பே. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. இளம் செடியின் தூரில், காய்ந்த மண்ணில், ஒரு கைப்பிடி யூரியாவைப் போட்டு விட்டு "உரம் போட்டும் கருகி விட்டதே" என்று வருந்துவோர் உண்டு. அந்த ஒரு கை உரம் கரைந்த நீரின் இழுப்பு, வேரின் இழுப்பைவிட அதிகம். வேர் குடிப்பதற்குப் பதிலாக வேரிலிருந்தே தண்ணீர் வெளியே போகிறது. ஊறுகாய் ஜாடிக் கதைதான். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் இந்த வகையில் சூப்பர் பாஸ்பேட்டைவிடக் கடுமையானது. கரிசலில் இயற்கையாகவே பொட்டாஷ் மிகுதி. மண் பரிசோதனை கேட்காத வரையில் அதை அள்ளிப் போட வேண்டியதில்லை. பயறு வகைகளுக்கு 2 சத டி.ஏ.பி. கரைசலை, அதாவது ஏக்கருக்கு 4 கிலோவை இரவே ஊற வைத்துத் தெளிந்த நீரை வடித்து 200 லிட்டராக்கிப் பூக்கும் தருணத்தில் தெளிக்கச் சொல்கிறோம். ஏன் 2 சதம் என்பதை நம் கையேடுகள் விளக்குவதில்லை. 'இரண்டு நல்லதென்றால் நாலு இன்னும் நல்லது' என்று உழவர் எண்ணுவது இயல்பு. நாலாக்கினால் இலைச் செல்லிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டு விளிம்பு கருகும். உச்சி வெயிலில் தெளித்தால், இலை மேலேயே நீர் ஆவியாகி 2 சதமே நாலு சதமாகி விடும். அதனால்தான் மாலையில் தெளிக்கச் சொல்வது.

விதையிலும் இதே கணக்கு. கம்பு விதைக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டி, மிதக்கும் தேனொழுகல் நோய் கண்ட விதைகளை அகற்றும் பழக்கம் நல்ல பழக்கம். அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவச் சொல்வதைப் பலர் விட்டு விடுகிறார்கள். விதைமேல் ஒட்டிய உப்பு, முளைக்க வேண்டிய நேரத்தில் ஈரத்தை உள்ளே விடாது. மானாவாரிச் சோளத்துக்குச் செய்யும் விதைக் கடினப்படுத்தல் இதற்கு நேர் எதிரான நல்ல காரியம். 2 சதப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய காய்ச்சலுக்கே உலர்த்தி விதைத்தால், முளை வறட்சியைத் தாங்கும் வலுவோடு வரும். செலவு மிகச் சொற்பம்.

உப்பைத் தாங்கும் செடிகள் என்ன செய்கின்றன? தங்கள் செல்லுக்குள்ளேயே கரைபொருள்களைச் சேர்த்து வைத்துக் கொண்டு, மண்ணைவிட ஒரு படி அதிகமாக இழுக்கின்றன. பருத்தி ஓரளவு அப்படி. நம் கண்மாய்களைக் கபளீகரம் செய்திருக்கும் சீமைக் கருவேல் இதில் கைதேர்ந்தது. வேறு எதுவும் முளைக்காத உவர்ப் பொட்டலில் அது பச்சையாக நிற்கும் ரகசியங்களில் இதுவும் ஒன்று. வேலியோரம் கருவேல் மட்டுமே செழித்து, பயிர் குன்றினால், அந்த மண்ணைப் பரிசோதிக்காமல் அடுத்த பயிருக்குக் காசு இறக்காதீர்கள்.

கன்றுக்குட்டியின் சிவந்த சிறுநீர்

செடியின் செல்லுக்கும் மாட்டின் செல்லுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. செடியின் செல்லுக்குச் சவ்வுக்கு வெளியே கெட்டியான சுவர் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் புகுந்தாலும் சைக்கிள் டயர் போல விறைக்குமே தவிர வெடிக்காது. கீரைத் தண்டு நிமிர்ந்து நிற்பது அந்த விறைப்பால்தான். மாட்டுக்கும் நமக்கும் அந்தச் சுவர் இல்லை. வெளியே உள்ள நீர் மிகவும் நீர்த்துப் போனால் செல் உப்பி வெடித்து விடும். மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் பாட்டிலில் வெறும் தண்ணீர் வைக்காமல், லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்து வைப்பது இதற்காகவே.

கோடையில் கன்றுக்குட்டியை வெகு நேரம் தண்ணீர் இல்லாமல் கட்டிப் போட்டு விட்டு, மாலையில் தொட்டியருகே அவிழ்த்து விட்டால், அது வயிறு புடைக்கக் குடிக்கும். சில மணி நேரத்தில் சிறுநீர் காப்பி போலச் சிவந்து போகும். குடித்த நீர் இரத்தத்தில் கலந்து அதை நீர்த்துப் போகச் செய்ய, சிவப்பணுக்கள் உப்பி வெடித்ததன் அடையாளம் அது. சில கன்றுகளுக்கு வலிப்பும் வரும். தாகத்தோடு வந்த கன்றுக்குச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு, ஒரு சிட்டிகை உப்பிட்டுத் தண்ணீர் காட்டினால் இந்த ஆபத்து இல்லை. சிவந்த சிறுநீர் உண்ணிக் காய்ச்சலாலும் வரும் என்பதால், கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி விட வேண்டும்.

மறு புறமும் ஆபத்து உண்டு. தாது உப்பும் உப்புக் கட்டியும் ஆடு மாடுகளுக்கு நல்லதுதான். ஆனால் பக்கத்தில் குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும். இல்லையேல் மூளைச் செல்கள் வற்றி விலங்கு தள்ளாடும். கடத்து திறன் 5-க்கு மேல் போனால் அந்த நீர் கோழிக்கு ஆகாது. 8-ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் கொடுக்காதிருப்பதே நலம்.

வெயிலில் காட்டு வேலை செய்வோருக்கும், தகரக் கூரையின் கீழ் வேலை செய்வோருக்கும் இதே விதிதான். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலைவலியும் தசைப் பிடிப்பும் வரும். நீராகாரமும் உப்பிட்ட மோரும் நம் முன்னோர் கண்ட சரியான மருந்து. குழந்தைக்கு வயிற்றுப் போக்கு என்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் மட்டமான 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பைக் கூட்டி விடக் கூடாது. கூட்டினால் குடலே உடம்பின் நீரை இழுக்கும். 1971-இல் வங்க தேச அகதிகள் வந்து குவிந்த பன்கான் முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய் வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியதும் இந்த அறிவைக் கொண்டுதான்.

மீண்டும் வயலுக்கு வருவோம். கரிக்கும் தண்ணீர்தான் விதி என்றால் என்ன செய்யலாம்? முதலில், மழை நீரை விடக் கூடாது. வடகிழக்குப் பருவ மழைதான் நம் மண்ணின் உப்பைக் கழுவும் இலவச ஆர்.ஓ. ஒரு ஏக்கரில் 2 அங்குல மழை பெய்தால், உப்பே இல்லாத 2 லட்சம் லிட்டர். அது வரப்பு உடைத்து ஓடையில் போய் விட்டால், தையில் அதே அளவு தண்ணீரை ஏழரை மூட்டை உப்போடு சேர்த்து இறைக்க வேண்டியதுதான். வரப்பை உயர்த்தி, சரிவுக்குக் குறுக்கே உழுது, நீரை நின்று இறங்கச் செய்ய வேண்டும். பள்ளத்து மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்ட வேண்டும். "இருக்கிற ஒரு ஏக்கரில் குட்டைக்கு எங்கே இடம்?" என்று கேட்பார்கள். ஐந்து சென்ட் நிலம் போகும் என்பது உண்மையே. இரண்டாவது போருக்கு ஆகும் வட்டியைக் கணக்கிட்டால் அந்த ஐந்து சென்ட் பெரிதல்ல. கரிசலில் ஊற்றுக் கசிவும் குறைவு, தண்ணீர் நிற்கும்.

குட்டை நீரைப் பாசனம் முழுவதற்கும் நம்ப முடியாது. அதை முளைப்புக்கும் இளம் பருவத்துக்கும் ஒதுக்கி, செடி பலப்பட்ட பின் போர் நீரைக் கொடுக்கலாம். அல்லது இரண்டையும் கலக்கலாம். கடத்து திறன் 4 உள்ள நீரோடு சம அளவு மழை நீர் சேர்த்தால் ஏறக்குறைய 2 ஆகி விடும். பார் பிடித்து நடுவோர் உச்சியில் விதைக்க வேண்டாம். நீர் ஏறி ஆவியாகும் இடம் உச்சி. உப்பும் அங்கேதான் சேரும். பாரின் பக்கச் சரிவில் விதைத்தால் முளை தப்பும். சொட்டு நீர் போட்டவர்கள் கவனிக்க: ஈர வட்டத்தின் விளிம்பில் உப்பு வளையம் கட்டி நிற்கும். சிறு தூறல் வந்தால் அந்த உப்புக் கரைந்து வேருக்குள் இறங்கும். மழைதான் வந்து விட்டதே என்று அப்போது சொட்டு நீரை நிறுத்தி விடக் கூடாது. தூறல் நேரத்தில் ஓட விட்டு உப்பை வெளியே தள்ளி வைக்க வேண்டும். தொழு உரமும் கண்மாய் வண்டலும் மண்ணை இளக்கி நீரை இறங்கச் செய்யும். வண்டலையும் உப்புப் பார்த்தே அடிக்க வேண்டும்.

பட்டாசு ஆலைகளுக்கு அருகில் கிணறு வைத்திருப்போருக்குத் தனியாக ஒரு செய்தி. அங்கே பயன்படும் பெர்க்குளோரேட் என்ற உப்பு, சிவகாசி ஆலைப் பகுதி நிலத்தடி நீரில் கலந்திருப்பதை 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேர விடாமல் தடுப்பது அது. கடத்து திறன் அளவு இதைக் காட்டிக் கொடுக்காது. நீர் கரிக்காமலும் இருக்கலாம். அத்தகைய கிணறுகளைக் குடிநீருக்காகத் தனியே சோதிக்கும் பொறுப்பு உள்ளாட்சிக்கும் சுகாதாரத் துறைக்கும் உண்டு. கிராம சபையில் எழுந்து கேட்கலாம்.

நீர் மாதிரி எடுப்பது எளிது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட விட்ட பிறகு, அதே நீரால் நன்கு அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். மருந்துப் புட்டியிலும் எண்ணெய்ப் புட்டியிலும் பிடிக்கக் கூடாது. பெயர், ஊர், சர்வே எண், போரின் ஆழம், சாகுபடி செய்யும் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, அன்றோ மறு நாளோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். கட்டணம் சொற்பமே. மழைக்குப் பிறகு உள்ள நீர் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். ஆகவே கோடையில் ஒரு முறை, தை மாதத்தில் ஒரு முறை என இரு முறை பார்ப்பது நல்லது. புரட்டாசிப் பட்டத்துக்கு விதை வாங்கப் போகும் முன், கோடையில் எடுத்த அந்தச் சீட்டு கையில் இருக்கட்டும்.